பதினெட்டாம் பின்னை விட்ட கதை

போன வாரம் உங்களில் ஒருத்தி என் மேசைக்கு வந்து கேட்டாள். "அக்கா, இந்த ஹெச்டிஎம்ஐ கனெக்டர்ல பத்தொம்பது பின் இருக்குதுங்க. அத்தனைக்கும் லைன் போடோணுங்களா? நமக்கு எது வேணுமோ அத மட்டும் போட்டாப் பத்தாதுங்களா?"

நான் வேறு வேலையில் இருந்தேன். "டேட்டாஷீட்டப் பாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சாயங்காலம் பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது. இதே கேள்வியோடு இதே மேசையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். டேட்டாஷீட்டையும் பார்த்திருக்கிறேன். பார்த்த பிறகுதான் தவறு செய்தேன்.

இந்த மாதக் கடைசியோடு இந்த மேசையை உங்கள் இருவரிடமும் விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் போகிறேன். பணி அனுபவங்கள் என்று எழுதுகிறவர்களுக்குப் பொதுவாகத் தலை நரைத்திருக்கும். பிரிவுபசாரத்தில் போட்ட சால்வை பீரோவில் மடித்திருக்கும். எனக்கு இருபத்தொன்பது வயது. ஏழு வருடம் சர்க்யூட் போர்டு வரைந்திருக்கிறேன். எத்தனையோ விஷயம் எழுதலாம். ஒரே ஒரு பின்னைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றை நீங்களே தவறு செய்து கற்றுக்கொள்வீர்கள்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பது விளங்காது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பா நூல் குடோனில் மூட்டை ஏற்றுகிறவர். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவர். கணியூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்தேன். என் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று எழுத எனக்குக் கூச்சமே கிடையாது, இன்றைக்கும் எழுதுகிறேன். ஆனால் வேலைக்கு வந்த புதிதில் யாராவது "நிச்சயமா?" என்று கேட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒரு ஆணிடம் இப்படிக் கேட்பார்களா என்று தோன்றும். சில சமயம் அந்தச் சந்தேகம் சரியாகவும் இருந்தது. எல்லாச் சமயமும் சரியாக இல்லை.

ராயபுரத்துச் சந்தில் மாடியில் இருக்கும் நம் கடை அப்போது இன்னும் சின்னது. ஐந்தே பேர். பனியன் துணி பின்னும் நிட்டிங் மெசின்களின் பழுதான கன்ட்ரோல் போர்டுகளைச் சரிசெய்து கொடுப்பதுதான் அதுவரை தொழில். முதல்முறையாக நாமே ஒரு போர்டு செய்து விற்பதென்று சார் முடிவெடுத்திருந்தார். வெளியே எல்லோரும் பாய் என்று கூப்பிடும் நம் முதலாளியைத்தான் சொல்கிறேன்.

போர்டின் வேலை இதுதான். நிட்டிங் மெசினில் துணி சுற்றிச் சுற்றி இறங்கும்போது ஒரு கேமரா அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஓட்டை விழுந்தால் போர்டு மெசினை நிறுத்திவிடும். ஊசி லேசாக வளைந்தாலோ தேய்ந்தாலோ துணியில் நெடுக ஒரு மெல்லிய கோடு விழும். வெள்ளைத் துணியில் அது கண்ணுக்குத் தெரியாது, சாயம் ஏறிய பிறகு பளிச்சென்று தெரியும். அந்தக் கோட்டுக்கு மெசினை நிறுத்த வேண்டாம், திரையில் மஞ்சளாகக் காட்டினால் போதும், ஆபரேட்டர் பார்த்து முடிவு செய்துகொள்வார் என்று இந்த மெசின்களைப் போட்டு யூனிட் நடத்துகிறவர்கள் கேட்டுக்கொண்டார்கள். சும்மா சும்மா மெசின் நின்றால் உற்பத்தி போய்விடும் என்பது அவர்கள் கவலை. அதனால் அந்த எச்சரிக்கை திரையில் மட்டும் வரும்.

திரைக்குப் போகும் கனெக்டரில்தான் பத்தொன்பது பின். படத்துக்கான பின்கள் எல்லாவற்றையும் இழுத்துவிட்டேன். பதினெட்டாம் பின்னில் வந்து நின்றேன். நம் போர்டு திரைக்கு ஐந்து வோல்ட் கொடுக்க வேண்டிய பின் அது. அந்த வழியில் ஒரு சின்னப் பாதுகாப்பு ஐசி போட வேண்டும், யாராவது எக்குத்தப்பாக எதையாவது சொருகினால் போர்டு கருகாமல் இருக்க. அந்த ஐசி எங்கேயும் கையிருப்பில் இல்லை. வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். முதல் முப்பது போர்டையும் மாதப் பிறப்புக்குள் தருவதாக சார் மூன்று யூனிட்டுகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

நான் யோசித்தது இவ்வளவுதான். திரைக்குத் தனியாக ஒரு பிளக் இருக்கிறது. சுவரிலிருந்து கரண்ட் எடுத்துக்கொள்கிறது. அதற்கு நாம் எதற்கு ஐந்து வோல்ட் கொடுக்க வேண்டும்? கொடுத்தே ஆக வேண்டும் என்று டேட்டாஷீட்டில் இருந்தது. எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் கட்டாயம் என்றுதான் எழுதுவார்கள் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாதிரிப் போர்டில் அந்தப் பின் இல்லாமல் போட்டு, நம் மேசையில் இருந்த திரையோடு இணைத்துப் பார்த்தேன்.

படம் வரவில்லை.

அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தேன், அதுதான் கெட்டது. பதினெட்டில் நாம் கொடுக்கிற ஐந்து வோல்ட்டைத்தான் திரை பத்தொன்பதாம் பின் வழியாகத் திருப்பி அனுப்புகிறது, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று. நாம் கொடுக்காததால் அது திரும்பி வரவில்லை. அதனால் போர்டு, திரையே இல்லை என்று முடிவுகட்டிப் படத்தை அனுப்பாமல் இருக்கிறது. சாஃப்ட்வேரில் ஒரு வரி சேர்த்தேன்: திரை எப்போதும் இருக்கிறது என்று வைத்துக்கொள். படம் வந்துவிட்டது. எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

சார் டீயோடு வந்து நின்றார். "அந்தப் பின்னு வேணுமாம்மா, வேண்டாமா?"

"வேண்டாங்க சார். ஓடுது பாருங்க."

"நிச்சயமா?"

"இஞ்சினியரிங் படிச்சது நானுங்க சார்."

அவர் சிரித்துவிட்டு, "அது வாஸ்தவந்தான்" என்று டீயைக் குடித்தார். பின் இல்லாமலே முப்பது போர்டும் வந்தன.

நான் பார்த்தது ஒரு திரை. அது நம் மேசையில் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும், கேபிள் எப்போதும் சொருகியே இருக்கும். அது வெளியே எப்படி இருக்கும் என்று கேட்கவே இல்லை. காங்கயம் ரோட்டில் எட்டு மெசின் போட்டிருக்கும் சரோஜாக்காவின் யூனிட்டில் போர்டுகளைப் பொருத்திவிட்டு வந்த நம் ஆள், "எட்டு மெசினுக்கு நாலு டிவிதான் வாங்கி வெச்சிருக்காங்க" என்று சிரித்தார். ரெண்டு மெசினுக்கு நடுவில் ஒரு திரை. எந்த மெசினைப் பார்க்க வேண்டுமோ அதில் கேபிளைப் பிடுங்கிச் சொருகிக்கொள்வது. நம் ஊரில் எந்த யூனிட்டுக்குப் போனாலும் இப்படித்தான் ஏதாவது ஒரு சிக்கனம் இருக்கும். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பிலேயே விஷயம் இருந்தது, எனக்குக் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து சரோஜாக்கா போன் செய்தார். வெள்ளகோவில் பக்கம் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர். யூனிட்டை ஒற்றை ஆளாக நடத்துகிறார். வளைத்துப் பேசத் தெரியாது.

"கண்ணு, மூணாம் மெசின்ல ஓடுன துணி சாயப்பட்டறையில இருந்து திரும்பி வந்துருக்குது. நெடுகக் கோடு. கொழந்தைத் துணிக்குப் போற சரக்கு. பார்ட்டி தையத்தக்கன்னு குதிக்கறாங்க. உங்க பொட்டி அதப் பாத்துச்சா, பாக்கலியா? அத மட்டும் சொல்லு."

"பாத்துட்டு வந்து சொல்றேனுங்க்கா."

"பாக்கலீன்னா உங்க பொட்டியக் கழட்டோணும். பாத்துச்சுன்னா காசியக் கழட்டோணும். அவ்வளவுதான்."

காசி அங்கே முதல் நான்கு மெசின்களின் பகல் ஷிப்ட் ஆபரேட்டர். தென்காசிப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். யூனிட்டுக்குப் பின்னால் சரோஜாக்கா கட்டிவிட்டிருக்கும் லைன் வீட்டில் ஒரு ரூமில் மனைவியோடும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளோடும் இருந்தார். வேலை போனால் அந்த ரூமும் போகும்.

நான் போய், போர்டு தானாகவே எழுதிவைக்கும் பதிவை எடுத்துவந்தேன். லாக் என்று நாம் சொல்வது. அந்தத் துணி ஓடிய காலையில் மூன்றாம் மெசினில் பதினொரு தடவை கோட்டைக் கண்டுபிடித்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் நேராக, திரையில் காட்டப்பட்டதா என்ற இடத்தில் 'ஆம்' என்று இருந்தது. பதினொரு ஆம்.

எனக்கு ஏற்பட்டது நிம்மதி என்று சொன்னால் குறைவு. என் போர்டு பார்த்திருக்கிறது. பார்த்ததைச் சொல்லியும் இருக்கிறது. தாளில் பிரிண்ட் எடுத்து, கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பெயருக்குப் பின்னால் பி.இ. என்றும் போட்டேன். சாரும் நானும் வண்டியில் போய் சரோஜாக்காவிடம் கொடுத்தோம்.

அவர் தாளைப் பார்த்தார், காசியைக் கூப்பிட்டார். "பதினோரு தடவ காட்டிருக்குதாமா. படிச்ச புள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்குது. இப்ப என்ன சொல்ற?"

"வரல்லக்கா. டிவி கருப்பாத்தான் கெடந்துச்சு."

"அப்பிடின்னா இந்தத் தாளு பொய் சொல்லுதா?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. நான் பாத்ததச் சொல்லுதேன்."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள ரூமக் காலி பண்ணிக்க சாமி. வேற எங்கியாச்சும் பாத்துக்க. என்னால முடியல."

காசி என்னைப் பார்த்தார். "மேடம், எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும். ஒருவாட்டி உள்ள வந்து பாத்துட்டுப் போங்க."

"அதான் பாத்தாச்சல்லொ" என்றார் சரோஜாக்கா.

எனக்கு என் போர்டின் மேல் அவ்வளவு நம்பிக்கை. அதனால்தான் உள்ளே போனேன். அவருக்கு உதவலாம் என்று போகவில்லை, அதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

காசி நான்காம் மெசினின் போர்டிலிருந்து கேபிளைப் பிடுங்கினார். திரையில் சிக்னல் இல்லை என்று எழுத்து வந்தது. சிறிது நேரத்தில் திரை இருண்டது. கேபிளை மூன்றாம் மெசினில் சொருகினார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

திரை இருட்டாகவே இருந்தது.

நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கேபிள் சரியாக உட்காரவில்லையோ என்று நான் அழுத்திப் பார்த்தேன். உட்கார்ந்துதான் இருந்தது. அப்புறம் அவர் திரைக்குக் கீழே கையை விட்டு ஒரு பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கினார். படம் வந்தது.

"வந்துருச்சல்லொ! அப்பறமென்ன?" என்றார் சரோஜாக்கா.

"பொத்தான அமுக்குனாத்தாங்க்கா முழிக்கும். மூணு மாசமா அமுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒவ்வொரு வாட்டி மாத்தும்போதும். அன்னைக்குக் கேபிளச் சொருகுனேன், அந்நேரம் பாத்து முதல் மெசின்ல நூல் அந்துபோச்சு. அங்கன ஓடுனேன். பொத்தான அமுக்கல்ல."

"ஆகக்கூடி தப்பு உன்ரதுதான். உன்ர வாயாலயே சொல்லிப்போட்ட."

காசி தலையைக் குனிந்துகொண்டார். அவர் பக்கம் அதற்குமேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

எனக்கு இருந்தது. அந்த இருண்ட திரையைப் பார்த்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. பதினெட்டாம் பின்னில் ஐந்து வோல்ட் வந்தால்தான், யாரோ வந்து சொருகியிருக்கிறார்கள் என்று தூங்குகிற திரைக்குத் தெரியும். அது கரண்ட் கொடுக்கிற பின் என்று நான் நினைத்திருந்தேன். அதன் வேலை கதவைத் தட்டுவது. நம் மேசைத் திரை தூங்கியதே இல்லை, அதனால் தட்ட வேண்டிய தேவையும் வரவில்லை. இங்கே ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேபிள் மாறுகிறதோ அத்தனை தடவையும் பதினெட்டாம் பின் செய்ய வேண்டிய வேலையை இந்த மனிதரின் கட்டைவிரல் செய்துகொண்டிருந்திருக்கிறது. எந்தத் தாளிலும் நாம் அதை அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அவராகவே கண்டுபிடித்து, இந்தப் பெட்டியின் குணமே இதுதான் போல என்று வேலையோடு வேலையாகச் சேர்த்துக்கொண்டார்.

அதைவிட மோசம், அந்தப் பதினொரு ஆம். திரை எப்போதும் இருக்கிறது என்று வைத்துக்கொள் என்று நான் எழுதிய ஒரு வரியை போர்டு அப்படியே நம்பியிருக்கிறது. கேபிளே இல்லாமல் இருந்தாலும் 'ஆம்' என்றுதான் எழுதும். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது என் சொந்தப் பொய்யின் பிரிண்ட்.

"இன்னொருக்கா மாத்திக் காட்டுங்க" என்றேன். ஐந்து தடவை மாற்றச் சொன்னேன். ஐந்து தடவையும் இருட்டு.

சாருக்கும் புரிந்துவிட்டது. முப்பது வருடம் போர்டு பார்த்தவர். என் பக்கம் குனிந்து, மெதுவாக, "ஆபீஸ்ல போய்ப் பேசிக்கலாம்மா" என்றார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. நம் கடை செய்த முதல் சரக்கு அது. அதே போர்டு இன்னும் இரண்டு யூனிட்டுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. செய்தி ஒரு டீக்கடை தாண்டினால் போதும், ஊருக்கே தெரிந்துவிடும். ஐந்து பேர் அந்தக் கடையை நம்பி இருக்கிறோம். நான் வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். காசியே ஒப்புக்கொண்டுவிட்டார், பொத்தானை அமுக்கவில்லை என்று. பிறகு சத்தமில்லாமல் எல்லாப் போர்டையும் 'சர்வீஸ்' என்று எடுத்துச் சரிசெய்திருக்கலாம். நல்ல வழி, பாதுகாப்பான வழி. ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் ரூமைக் காலி செய்யும், அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று தெரியவில்லை. மெசின்கள் ஓடுகிற சத்தத்தில் நேரம் தெரியாது. உங்களுக்கு இதை உயர்வாகச் சொல்ல ஆசைதான். உண்மையில் என்னைப் பேசவைத்தது இரக்கத்தைவிட அந்தத் தாளில் இருந்த என் பெயர்தான். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அப்பா இன்றைக்கும் கைநாட்டு. அந்தக் கையெழுத்து ஒரு பொய்யின் கீழே கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"அக்கா, பொத்தான அமுக்கறது அவர் வேலை இல்லீங்க" என்றேன்.

"பின்ன ஆரு வேலை?"

"எங்க போர்டோட வேலைங்க. அதுல ஒரு பின்ன நான் விட்டுட்டேன். அது இருந்திருந்தா கேபிளச் சொருகுன ஒடனே டிவி தானா முழிச்சிருக்கும்."

"மறந்துட்டியா?"

மறந்துவிட்டேன் என்று சொல்வது எவ்வளவு சுலபம். "இல்லீங்க. வேண்டாம்னு முடிவு பண்ணித்தான் விட்டேன்."

சரோஜாக்கா கையிலிருந்த தாளைத் தூக்கிக் காட்டினார். "அப்ப இது?"

"அது பொய்ங்க்கா."

"நீதான கண்ணு எழுதிக் குடுத்த?"

"ஆமாங்க. போர்டு எழுதுச்சு. அப்படி எழுதச் சொல்லி போர்டுக்குச் சொன்னது நானுங்க. டிவி இருந்தாலும் இல்லாட்டியும் 'ஆமா'ன்னுதான் எழுதும்."

அவர் முகம் சிவந்துவிட்டது. சாரைப் பார்த்துத் திரும்பினார். "ஏனுங்க பாய், மூணு மாசமா என்ர யூனிட்டுல ஒரு பொய்ப் பொட்டிய மாட்டி வெச்சிருக்கறீங்க. நானும் அது பேச்சக் கேட்டுக்கிட்டு ஒரு குடும்பத்தத் தெருவுல நிறுத்தப் பாத்தனே!"

சார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"எட்டையும் கழட்டுங்க. இப்பவே." பிறகு காசியிடம், "நீ என்ன நின்னு வேடிக்கை பாக்கற? ரெண்டாம் மெசின் நிக்குது, போ."

"ரூமு, அக்கா?"

"ரூமுக்கென்ன?"

"காலி பண்ணச் சொன்னீங்கள்ல."

"நானா சொன்னேன்? இந்தத் தாளு சொல்லுச்சு. போ, போ."

திரும்பி வந்ததும் சார் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "மத்த ரெண்டு யூனிட்டுக்கும் நீயே போன் பண்ணிச் சொல்லிரும்மா" என்றார். என் நேர்மையைப் பாராட்டினார் என்று முடித்தால் நன்றாக இருக்கும். அவர் பாராட்டவில்லை. பல வாரம் என்னோடு சரியாகப் பேசவும் இல்லை. நான் இரண்டு யூனிட்டுக்கும் போன் செய்தேன். ஒருவர் போர்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதோடு நம் பக்கம் வரவே இல்லை. இன்னொருவர், "அட, எங்களுக்கும் பொத்தான அமுக்கோணுமுங்க, நாங்க டிவிதான் மட்டம்னு நெனச்சோம்" என்றார்.

போர்டுகளைச் சரிசெய்தது எப்படி என்பதை ஃபைலில் பாருங்கள்; ஒரு சின்ன ஃப்யூஸ், ஒரு மெல்லிய ஒயர், பதினெட்டாம் பின்னுக்கு ஐந்து வோல்ட். ஒவ்வொன்றாகக் கையாலேயே பற்றவைத்தேன். அந்தப் பொய் வரியை எடுத்துவிட்டேன். இன்னொன்றும் செய்தேன். லாக்கில் 'திரையில் காட்டப்பட்டதா' என்று இருந்ததை 'திரை இணைந்திருந்ததா' என்று மாற்றினேன். போர்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். காட்டியதை யாராவது பார்த்தார்களா என்பது அதற்குத் தெரியாது, தெரிந்ததாக அது எழுதவும் கூடாது. திரை இணையாமல் இருக்கும்போது கோடு விழுந்தால், இப்போது மெசினே நின்றுவிடும்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: ஒரு பின் வேண்டுமா வேண்டாமா என்பதை நம் போர்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கேபிளின் அந்த முனையில் என்ன இருக்கிறது, அதை யார் பிடுங்கிச் சொருகுகிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் வேண்டாம் என்று தோன்றினால் விடுங்கள். நான்கூட அதற்குப் பிறகு எத்தனையோ பின்களை விட்டிருக்கிறேன். ஆனால் விட்ட பிறகு அதை மறைக்க சாஃப்ட்வேரில் ஒரு வரி எழுத வேண்டியிருந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்.

சரிசெய்த எட்டுப் போர்டையும் எடுத்துக்கொண்டு பத்து நாள் கழித்து சரோஜாக்கா யூனிட்டுக்குப் போனேன். மறுபடி மாட்ட அவர் சம்மதித்ததே பெரிய விஷயம். பொருத்தி முடித்ததும் காசியே கேபிளைப் பிடுங்கி மாற்றிச் சொருகிப் பார்த்தார். திரை தானாக எரிந்தது. பழக்கத்தில் கட்டைவிரல் பொத்தான்வரைக்கும் போய்த் திரும்பியது.

"சரியாப் போச்சா?" என்றேன்.

"டிவி சரியாப் போச்சு" என்றார். "மேடம், அந்தத் தாளு?"

"அத விடுங்க. அன்னைக்கே எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேனே."

"வாயாலதான சொன்னீங்க? மூணு பேரு கேட்டாங்க. அந்தத் தாள ஷிப்டுல எல்லாவனும் பாத்துட்டான். பொய்க்காரன்னு பேரு வச்சாச்சு. எம் பொண்டாட்டிகிட்ட லைன் வீட்டுல கேக்காவ. தாளுல வந்தது தாளுலதான் போவணும்."

நியாயம்தான். ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாள் எடுத்தேன். எழுதிக் கொடுத்தேன். 'மேற்படி பதிவில் உள்ள தகவல் தொழில்நுட்பக் காரணத்தால் தவறாக இருந்திருக்கலாம் என்று தெரிவித்துக்கொள்கிறோம்.'

அவர் வாங்கி, விரலை வைத்து, எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். நிமிர்ந்தார்.

"இருந்திருக்கலாம்னா? தப்பா இருந்துச்சா, இல்லயா?"

"இருந்துச்சு."

"தொழில்நுட்பக் காரணம்னா அது ஆரு?"

"நான்தான்."

"பின்ன அத எழுதுங்களேன். எல்லாருக்கும் நான் வாசிச்சுக் காட்டணும்ல."

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். வேறு தாள் எடுத்தேன். இந்தத் தடவை எழுத அதிக நேரம் ஆகவில்லை. 'அன்று காலை மூன்றாம் மெசின் திரையில் எச்சரிக்கை வரவில்லை. திரை இருட்டாக இருந்தது என்று காசி சொன்னது உண்மை. போர்டில் ஒரு பின்னை நான் விட்டுவிட்டேன். நான் முன்பு எழுதிக் கொடுத்த தாள் பொய்.'

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் கீழே பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "அன்னைக்குப் பேருக்குப் பின்னால ஒரு படிப்புப் போட்டிருந்தீகளே. அதையும் போடுங்க."

போட்டேன்.

டீ நேரம். ஷிப்டில் இருந்த ஏழெட்டுப் பேர் வாசல் பக்கம் கூடியிருந்தார்கள். காசி தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராக அவர்களிடம் போனார். உரக்கப் படிக்க ஆரம்பித்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பதால் நேரம் எடுத்தது. நடுவில் ஒருவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். "இரு, முடிக்கட்டும்" என்று இன்னொருவர் அவனை அடக்கினார். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. என் பெயரும் படிப்பும் வரும்வரை நான் அங்கேயே நின்றேன்.